ஒரு பக்கம், நாலு கை: மாணவர்களோடு விக்கியும் வலைப்பூவும் நடத்துவது எப்படி?

எங்கள் வகுப்பு விக்கியில் (எல்லோரும் சேர்ந்து எழுதித் திருத்தும் இணையப் பக்கங்களில்) தைப்பூசம் பற்றிய பக்கம் அது. படிவம் 2 மாணவர்கள் நால்வர் சேர்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். "இரதம் குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலிலிருந்து புறப்படும்" என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். இரவு 8.40க்கு ஒருவன் அதை அழித்துவிட்டு "பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து புறப்படும்" என்று மாற்றினான். 8.52க்கு அவள் பழையபடி ஆக்கினாள். 9.05க்கு மறுபடி அவன். அன்றிரவு மட்டும் ஆறு முறை. மறுநாள் வகுப்பில் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இருவர் சொன்னதும் சரிதான். நகரத்தாரின் வெள்ளி இரதம் பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து கிளம்புகிறது. 2017இல் ஓடத் தொடங்கிய தங்க இரதம் குயின் ஸ்திரீட் கோயிலிலிருந்து கிளம்புகிறது. அவள் வீட்டார் தங்க இரதத்தின் பின்னால் நடப்பவர்கள். அவன் வீட்டார் வெள்ளி இரதத்துக்குத் தேங்காய் உடைப்பவர்கள். இருவரும் வெறுமனே 'இரதம்' என்று எழுதியதுதான் வம்பு. குழுவில் மூன்றாவது ஆள் 'எந்த இரதம்?' என்று கேட்டதும் சண்டை அடங்கியது. ஒரு வாக்கியம் இரண்டு பத்தி ஆனது.

அதே கட்டுரையை நாலு பேரும் பங்கு போட்டு எழுதி, கடைசி நாளில் ஒட்டிக் கொடுத்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்தே இருக்கமாட்டார். பினாங்கில் ஓர் இடைநிலைப்பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். பல வகுப்புகளிலிருந்து வந்து தமிழுக்கு மட்டும் ஒன்று சேரும் 24 பேர். அவர்களை வைத்துக்கொண்டு தடுமாறித் தடுமாறிக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

விக்கியா, வலைப்பூவா?

முதலில் இதை முடிவு செய்யுங்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் பிள்ளைகளும் குழம்பிப்போவார்கள்.

விக்கிப் பக்கம் யாருக்கும் சொந்தமில்லை. யார் வேண்டுமானாலும் திருத்தலாம், முந்தைய வடிவங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கும். 1995இல் முதல் விக்கியை உருவாக்கிய வார்டு கன்னிங்ஹாம், ஹொனலுலு விமான நிலையத்தில் ஓடிய 'விக்கி விக்கி' பேருந்தின் பெயரை அதற்கு வைத்தார். ஹவாய் மொழியில் 'விக்கி' என்றால் சுறுசுறுப்பு, வேகம். இந்தக் கதையை முதல் நாளிலேயே சொல்லிவிடுவேன். பெயர் மறக்காது.

வலைப்பூப் பதிவு ஒருவருக்குச் சொந்தம். மற்றவர்கள் பின்னூட்டம் போடலாம், அவ்வளவுதான். பதிவுக்குள் கை வைக்க முடியாது.

எது எதற்கு என்று தெரிய எங்கள் ஊர்ச் சாப்பாட்டையே உதாரணம் காட்டுவேன். நாசி கண்டாருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? தோளில் கம்பு வைத்து, இரு முனையிலும் சோறும் குழம்பும் தொங்கவிட்டுச் சுமந்து விற்றதால் வந்தது. இதை விக்கியில் எழுதலாம். பத்துப் பேர் சேர்ந்து சரிபார்க்கலாம். தாத்தா துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்தில் நாசி கண்டார் சாப்பிட்ட கதையோ வலைப்பூவுக்கு உரியது. அதை இன்னொரு பிள்ளை திருத்தினால் தாத்தா வேறு ஆளாகிவிடுவார்.

என் வகுப்பில் இரண்டும் ஓடுகிறது. குழுவாகக் கண்டுபிடித்தது விக்கிக்குப் போகும். கண்டுபிடிக்கப் போன வழியில் நடந்தது வலைப்பூவுக்குப் போகும்.

தலைப்பு

முதல் வருடம் 'சுற்றுச்சூழல் தூய்மை' என்று கொடுத்தேன். 24 பேரும் ஒரே மாதிரி எழுதினார்கள். அதில் விவாதிக்க என்ன இருக்கிறது? குப்பை போடாதே என்பதை யார் மறுக்கப்போகிறார்?

ஒரு பிள்ளைக்குத் தெரிந்தது இன்னொரு பிள்ளைக்குத் தெரியாமல் இருக்கும் தலைப்பு வேண்டும். எங்கள் விக்கிக்கு 'நம்ம ஊர்' என்று பெயர். ஜார்ஜ்டவுன் பிள்ளைக்குச் சௌராஸ்டா சந்தை தெரியும், பிறையிலிருந்து வரும் பிள்ளைக்குத் தோட்டப்புறம் தெரியும், மாமாக் கடை (தமிழ் முஸ்லிம் உணவகம்) வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைக்குக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் தெரு தெரியும். ஜார்ஜ்டவுன் 2008இல் யுனெஸ்கோ மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் அந்தப் பட்டியல் எல்லைக்குள் இருக்கும் பூக்கட்டும் கடையைப் பற்றித் தமிழில் யார் எழுதியிருக்கிறார்கள்? அதை எழுதத்தான் இவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு பருவத்துக்கு ஆறு பக்கம், பக்கத்துக்கு நாலு பேர், ஆறு வாரம். இதைவிடக் கூட்ட வேண்டாம். இருபது பக்கம் தொடங்கினால் பதினாலு பக்கம் தலைப்போடு நின்றுவிடும்.

கருவி

மென்பொருளைத் தேடி ஒரு மாதம் வீணடிக்காதீர்கள். மாணவர்களுக்கு மலேசியக் கல்வி அமைச்சின் டெலிமா என்ற கற்றல் தளத்தில் கணக்கு இருக்கிறது, அதில் கூகுள் டாக்ஸ் இருக்கிறது. தொடங்க அது போதும்.

நான் செய்வது இப்படி. பக்கத்துக்கு ஒரு கூகுள் ஆவணம் திறக்கிறேன். 'வாசல்' என்று தனியாக ஓர் ஆவணம் வைத்து, அதிலிருந்து எல்லாப் பக்கங்களுக்கும் இணைப்பு கொடுக்கிறேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் நாலு கட்ட அட்டவணை போடுகிறேன்: நாள், யார், என்ன மாற்றம், ஏன். உண்மையான விக்கியில் உரையாடல் பக்கம் என்று தனியாக இருக்கும். இங்கே அந்த வேலையை அட்டவணை பார்க்கிறது. பக்கம் தேறிய பிறகு, இணையத்தளம் அமைக்க உதவும் கூகுள் சைட்ஸில் ஏற்றுகிறேன். நேரடியாகச் சைட்ஸிலேயே எழுதலாமே என்று கேட்பீர்கள். எழுதலாம்தான், ஆனால் யார் எந்த வாக்கியத்தை மாற்றினார் என்பதை டாக்ஸ் அளவுக்குத் தெளிவாக அது காட்டாது. மேலும் என் மாணவர்களில் பாதிப் பேருக்கு வீட்டில் கைப்பேசிதான். கைப்பேசியில் சைட்ஸ் பக்கத்தைத் தொகுப்பது பெரும்பாடு.

பள்ளியில் சர்வர் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் மீடியாவிக்கி போடுங்கள். விக்கிப்பீடியா ஓடுவது அதில்தான், இலவசம். ஆள் இல்லாவிட்டால் ஆசைப்படாதீர்கள்.

வலைப்பூவுக்கு பிளாகர் எளிது. வகுப்புக்கு ஒரே வலைப்பூ, எல்லோரும் அதில் எழுத்தாளர்கள். 24 தனித்தனி வலைப்பூ வைத்தால் 24 இடத்துக்கு நீங்கள்தான் ஓட வேண்டும். அழைக்கப்பட்டவர்கள் மட்டும் படிக்கும்படி அமைப்பில் மாற்றிவிடுங்கள். ஒரு விஷயம், உங்கள் கணக்கில் திறப்பதெல்லாம் மாணவர் கணக்கிலும் திறக்கும் என்று நம்பிவிடாதீர்கள். ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் கணக்கில் நுழைந்து, ஒருமுறை எல்லாவற்றையும் செய்து பாருங்கள். வகுப்பு நாளன்று கணினிக்கூடத்தில் 24 திரையில் 'அனுமதி இல்லை' என்று வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கடவுச்சொல் மறந்தவர்கள் பட்டியலையும் ஒரு வாரம் முன்பே எடுத்து, பள்ளியில் டெலிமா பொறுப்பில் இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். பாதி வகுப்பு அந்தப் பட்டியலில் இருக்கும்.

பெற்றோர் கடிதம்

சுருக்கமாகச் சொல்கிறேன். என்ன எழுதப்போகிறார்கள், யார் படிப்பார்கள், எப்போது பொதுவில் போகும் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள், தலைமையாசிரியருக்கு ஒரு நகல் கொடுங்கள். முழுப்பெயர், வீட்டு முகவரி, அடையாள அட்டை எண், பள்ளிச் சீருடையில் முகம் தெரியும் படம் எதுவும் ஏறக்கூடாது. புனைபெயர் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதில் பிள்ளைகளுக்குத் தனி உற்சாகம். பேட்டி கொடுத்த பெரியவர்களிடமும் அனுமதி கேட்க வேண்டும். படம் சொந்தமாக எடுத்ததாக இருக்கட்டும், இல்லாவிட்டால் பொதுப் பயன்பாட்டுக்குப் படங்களைச் சேர்த்து வைத்திருக்கும் விக்கிமீடியா காமன்ஸில் எடுத்து, எடுத்தவர் பெயரை அடியில் போடட்டும்.

தமிழில் தட்டச்சு

பலர் மறந்துவிடும் இடம் இது. பிள்ளைகளுக்கு விக்கி புதிதாக இருக்காது, தமிழ் விசைப்பலகை புதிதாக இருக்கும். புலனத்தில் (வாட்ஸ்அப்) 'enna panre' என்பதையே ரோமன் எழுத்தில் அடித்துப் பழகியவர்கள் அவர்கள்.

ஒரு முழுப் பாடவேளையை இதற்கே ஒதுக்குங்கள். கணினியில் தமிழ்99 நல்லது. இடக்கைப் பக்கம் உயிர், வலக்கைப் பக்கம் மெய். புள்ளியைப் பெரும்பாலும் அதுவே வைத்துக்கொள்ளும். 'அம்மா' என்று அடிக்க நாலு தட்டல் போதும். ஒலிபெயர்ப்பு முறையில் பழகியவரை வற்புறுத்த வேண்டாம், அஞ்சல் விசைப்பலகையில் எழுதட்டும். கைப்பேசிக்குச் செல்லினம் இருக்கிறது. முரசு அஞ்சலையும் செல்லினத்தையும் உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர் என்று சொன்னபோது வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. குரல்வழித் தட்டச்சை முதல் வரைவுக்கு அனுமதிக்கிறேன். ஆனால் ல, ள, ழ மூன்றையும் அது போட்டுக் குழப்பும்போது திருத்தும் வேலை அவர்களுடையது. சந்திப்பிழை பாடத்தைவிட இது நன்றாக உறைக்கிறது.

நீங்களே தயாரித்த பழைய பயிற்றிகளை அப்படியே ஒட்டப் பார்க்காதீர்கள். ஒருங்குறிக்கு (யூனிகோட்) முந்தைய எழுத்துருவில் இருந்தால் புரியாத குறிகளாகத்தான் தெரியும். முதலில் மாற்றிக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஊர்ப்பெயர்கள். ஒருவர் ஜார்ஜ்டவுன் என்பார், இன்னொருவர் ஜோர்ஜ் டவுன் என்பார், மூன்றாமவர் தஞ்சோங் என்றே எழுதுவார். தேடினால் எதுவும் கிடைக்காது, ஒரே ஊருக்கு மூன்று பக்கம் முளைக்கும். அதனால் 'எப்படி எழுதுவோம்' என்று ஒரு பக்கம் தொடங்கி, சர்ச்சை வரும் ஒவ்வொரு பெயரையும் வகுப்பே வாக்கெடுத்து அதில் எழுதி வைக்கிறது. லெபோ குயினா, குயின் ஸ்திரீட்டா என்று நாங்கள் ஒரு பாடவேளை முழுக்க விவாதித்தோம். வீட்டில் சொல்வது ஸ்திரீட், பலகையில் இருப்பது அதற்கான மலாய்ச் சொல் லெபோ. கடைசியில் ஸ்திரீட் ஜெயித்தது, அடைப்புக்குறிக்குள் லெபோவும் உட்கார்ந்துகொண்டது. என்னைக் கேட்டால், அந்த வருடம் நடந்த மிக நல்ல மொழிப்பாடம் அதுதான்.

உடைத்துப் பாருங்கள்

எழுதத் தொடங்கும் முன் ஒரு மணி நேரம் மணல்தொட்டி. தமிழ் விக்கிப்பீடியாவில் பழகிப் பார்க்கும் பக்கத்துக்கு அதுதான் பெயர். பினாங்குப் பாலம் பற்றி நான் ஒரு பத்தி எழுதி வைப்பேன். அதில் வேண்டுமென்றே பிழைகள் இருக்கும்: 1985இல் திறந்தது என்பதை 1995 என்று போட்டிருப்பேன், 13.5 கிலோமீட்டர் என்பதை 35 ஆக்கியிருப்பேன், இரண்டு ஒற்றுப்பிழை வைத்திருப்பேன். திருத்துங்கள் என்பேன். அப்புறம், ஒருவரைக் கூப்பிட்டு முழுப் பத்தியையும் அழிக்கச் சொல்வேன். வகுப்பில் ஒரு 'ஐயோ' எழும். பிறகு பதிப்பு வரலாற்றைத் திறந்து, ஒரே சொடுக்கில் மீட்டுக் காட்டுவேன்.

இந்த 'ஐயோ' முக்கியம். எழுதியது தொலையாது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் பிள்ளைகள் துணிந்து கை வைக்கிறார்கள்.

ஆறு வாரம்

முதல் வாரம் பக்கத்துக்குக் கேள்விகள் மட்டும். பதில் எழுதக்கூடாது. தைப்பூசப் பக்கத்துக்கு 'காவடி எடுப்பவர் எத்தனை நாள் விரதம் இருப்பார்?', 'உடைத்த தேங்காயெல்லாம் எங்கே போகிறது?' என்று பதினேழு கேள்வி வந்தது. இரண்டாம் வாரம் போய்க் கேட்டு வர வேண்டும். மூன்றாம் வாரத்திலிருந்துதான் எழுதத் தொடங்க வேண்டும்.

நாலு பேருக்கும் நாலு வேலை: எழுதுபவர், ஆதாரம் பார்ப்பவர், மொழி பார்ப்பவர், மற்றப் பக்கங்களோடு இணைப்பு கொடுப்பவர். வாரத்துக்கு ஒருமுறை வேலை மாறும். மாறாவிட்டால் நன்றாக எழுதுகிற பிள்ளையே எல்லாவற்றையும் எழுதி, மற்ற மூவர் தலையாட்டிக்கொண்டிருப்பார்கள்.

பெரிய தடை தொழில்நுட்பம் இல்லை, மரியாதை. நம் பிள்ளைகளுக்கு அடுத்தவர் எழுத்தைத் திருத்துவது அவரைக் குறை சொல்வது போல. ஒருத்தி என்னிடம் வந்து, "டீச்சர், அவன் எழுதினது தப்பு. ஆனா நான் மாத்தினா கோவிச்சுக்குவான்" என்றாள். அதிலிருந்து சில விதிகள் வைத்தேன். எழுதத் தொடங்கிய முதல் இரண்டு வாரம் யாரும் எதையும் அழிக்கக்கூடாது, சேர்க்க மட்டும் செய்யலாம். அடுத்த வாரம் டாக்ஸின் பரிந்துரை முறையில் மாற்றலாம், எழுதியவர் ஏற்கலாம், மறுக்கலாம். அதற்கப்புறம்தான் நேரடித் திருத்தம். அதற்கும் அட்டவணையில் 'ஏன்' என்ற கட்டத்தை நிரப்ப வேண்டும். 'தப்பு' என்று எழுதினால் செல்லாது. 'கோயில் அலுவலகத்தில் கேட்டேன், வேறு சொன்னார்கள்' என்று எழுதினால் செல்லும்.

இரத சண்டை நடந்தபோது இந்த விதி இல்லை. அந்தச் சண்டைக்குப் பிறகு வந்த விதி இன்னொன்று: ஒரே வாக்கியத்தை இரண்டு முறைக்கு மேல் யாரும் திருப்பி மாற்றக்கூடாது. மூன்றாவது முறை கை துறுதுறுத்தால் குழுவைக் கூப்பிட வேண்டும்.

நீங்கள் திருத்தாதீர்கள். சிவப்புப் பேனா பழக்கம் விடாது, எனக்கும் விடவில்லை. ஆனால் ஆசிரியர் ஒருமுறை திருத்திவிட்டால் அந்த வாக்கியத்தை எந்தப் பிள்ளையும் பிறகு தொடுவதில்லை. பக்கவாட்டில் ஒரு கேள்வி மட்டும் போடுங்கள்.

வலைப்பூ ஓடும் விதம்

இரண்டு வாரத்துக்கு ஒரு பதிவு, 150 சொல் போதும். பேட்டிக்குப் போன அனுபவம், கிடைக்காமல் திரும்பிய கதை, குழுவில் ஒத்துவராதது எதுவும் எழுதலாம். பூக்கடைக்காரர் வியாபாரம் முடியும்வரை காத்திருக்கச் சொன்னதால் மூன்று மணி நேரம் பூத்தொடுத்துவிட்டு வந்த ஒருவன், விரல் வலிப்பதைப் பற்றி மட்டும் ஒரு பதிவு போட்டான். அவன் அதுவரை பத்து வரிக்கு மேல் எழுதியவனே இல்லை.

பின்னூட்டத்தை விதிப்படிதான் நடத்த வேண்டும். விட்டுவிட்டால் வகுப்பில் பிரபலமானவருக்கு இருபது, அமைதியான பிள்ளைக்குப் பூஜ்யம். பெயர்ப் பட்டியலில் உங்களுக்கு அடுத்த இரண்டு பேருக்கு நீங்கள் பின்னூட்டம் எழுத வேண்டும், வாரா வாரம் ஒரு பெயர் தள்ளிப் போகும். 'அருமை', 'சூப்பர்', கைதட்டும் பொம்மை மூன்றும் தடை. பதிவிலிருந்து ஒரு வரியை எடுத்துப் போட்டு, அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

ஒட்டுவேலை

இரவு 10.13க்கு ஒரே நிமிடத்தில் 400 சொல் வந்து விழுந்திருந்தால் அது எங்கிருந்தோ வந்தது. பதிப்பு வரலாறு பொய் சொல்லாது. ஒரு பக்கத்தில் 'பன்முகத்தன்மை வாய்ந்த கலாச்சாரப் பாரம்பரியம்' என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது, எந்தப் பதினாலு வயதுப் பிள்ளையும் அப்படிப் பேசாது. திட்டவில்லை. "இதில் நீ யாரிடம் கேட்டது எது? அதற்கு மட்டும் மஞ்சள் பூசு" என்றேன். ஒரு வரிகூட மஞ்சளாகவில்லை.

இப்போது பக்கத்துக்கு ஒரு நிபந்தனை: நேரில் பேசிய ஓர் ஆளிடமிருந்து மட்டுமே கிடைக்கக்கூடிய தகவல் குறைந்தது மூன்று இருக்க வேண்டும். எந்தச் செயற்கை நுண்ணறிவுக்கும் எங்கள் பள்ளிக்குப் பின்னால் ஆப்பம் சுடும் அக்காவைத் தெரியாது.

விக்கிப்பீடியாவிலிருந்து எடுப்பது தவறில்லை. எடுத்த இடத்தைச் சொல்லி, அதே உரிமத்தில் பகிர்ந்தால் எடுக்கலாம். எழுத்தையே தூக்காமல் செய்தியை எடுத்துச் சொந்த நடையில் எழுதச் சொல்கிறேன். 2003இலிருந்து ஓடும் தமிழ் விக்கிப்பீடியாவில் நேரடியாக எழுதவைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். ஆர்வமுள்ள ஓரிருவர் பிறகு போகட்டும். மொத்த வகுப்பையும் அனுப்பாதீர்கள். அங்கே நம்பகமான இடத்தில் வெளியான ஆதாரம் கேட்பார்கள், பாட்டி சொன்னது நிற்காது. அழிக்கப்பட்டால் பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள், திருத்தும் தன்னார்வலர்களுக்கும் தலைவலி.

மதிப்பெண்

நூற்றுக்கு 30 முடிந்த பக்கத்துக்கு, குழு முழுவதற்கும் ஒன்றே. 30 அடுத்தவர் எழுத்தில் செய்த மேம்பாட்டுக்கு. 20 அட்டவணையில் எழுதிய 'ஏன்' காரணங்களுக்கு. 20 வலைப்பூவுக்கும் பின்னூட்டத்துக்கும். எத்தனை முறை தொகுத்தார்கள் என்று எண்ணாதீர்கள். எண்ணினால் ஒரு காற்புள்ளியை வைத்து எடுத்து வைத்து எடுத்து நாற்பது காட்டுவார்கள். ஒருவன் காட்டினான். பிள்ளைக்கு மூன்று நல்ல திருத்தங்களை அவர்களே தேர்ந்தெடுத்துக் காட்டட்டும், அதை மட்டும் பாருங்கள்.

முடிந்த பிறகு

எல்லாவற்றையும் நகல் எடுத்து வையுங்கள். பள்ளிகள் நிறையப் பயன்படுத்திய விக்கிஸ்பேசஸ் 2018இல் மூடப்பட்டபோது, நகல் எடுக்காதவர்களின் வகுப்பு விக்கிகள் அதோடு போயின. ஆண்டிறுதி விடுமுறைக்கு முன் கோப்புகளைப் பதிவிறக்கி ஒரு பென்டிரைவில் போடுங்கள், ஒரு பிரதி அச்சும் எடுங்கள்.

அச்சுக்கு வேறு பயனும் உண்டு. பேட்டி கொடுத்தவர்கள் முக்கால்வாசிப் பேர் இணையம் பார்ப்பவர்கள் இல்லை. தோட்டப்புறச் சமையல் பக்கத்தை ஒருத்தி அச்செடுத்துப் பாட்டியிடம் கொடுத்தாள். பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கரித்துண்டு போலிருந்த ஒரு பென்சிலால் நாலு இடத்தில் கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தார். அன்றிரவே பக்கம் மாறியிருந்தது. அட்டவணையில் 'ஏன்' கட்டத்தில் இப்படி இருந்தது: "கருவாட்டுக் குழம்பில் தக்காளி போடமாட்டார்களாம். பாட்டி திட்டினார். எடுத்துவிட்டேன்."